பத்தொன்பது

எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
போகும்.
போகாத கால்களையும்
இந்த ஊருக்குத்தான் ஹெலிகொப்டரில் கொண்டுவருகிறார்கள்.

நான் அவர்களைப் பார்ப்பதில்லை.
மருத்துவமனையின் நிலவறையில்
சலவை இயந்திரங்கள் அதிரும் சுவருக்கு இந்தப் பக்கம்
வீடு போனவர்களின் கோப்புக்குக் குறியீடு போடுவது என் வேலை.
கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் எஸ் பதினான்கு.
நெஞ்சளவில் என்றால் இருபத்து நான்கு.
இடுப்பளவில் முப்பத்து நான்கு.
பத்துப் பத்தாக இறங்கும் உடம்பு.

ஜனவரியில் மேலிடத்திலிருந்து மின்னஞ்சல்:
சென்ற ஆண்டு உள்நோயாளிகளில்
விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர் எத்தனை?
வெள்ளிக்குள் வேண்டும். ஒரு வரி போதும்.

இருபத்தோராயிரத்து நானூற்றுச் சொச்சம் பேரில்
பத்தொன்பது.
ஆயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.
ப்ரிங்க்மான் அம்மையார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
"அரிதுதான், நல்லது" என்றார்.

அரிதுதான்.
கூரை ஓடு மாற்ற ஏறிய கொவால்ச்சிக்.
கெம்னாடே ஏரியில் ஆழம் பாராமல் தலைகீழாய்க் குதித்த
பதினேழு வயது ஃபென்யா.
வேகம்தான் இதைச் செய்யும் என்று நினைத்திருந்தேன்;
பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள்.
செய்தது கம்பளத்தின் மடிந்த ஓரம்.
குளியலறை. இரவு மூன்று மணி. ஒற்றைச் செருப்பு.

அப்புறம் தவயோகன்.
பீட்சாப் பெட்டி, ஸ்கூட்டர், மழையில் ட்ராம் தண்டவாளம்.
பெயரைக் கண்டதும் விரல் நின்றது.
பிறகு இருபத்து நான்கைத் தட்டியது.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.
தேடலில் ஒரே ஒரு பெட்டியின் சரிக்குறியை எடுத்துப் பார்த்தேன்:
முதன்மை நோய் மட்டும் என்கிற பெட்டி.
அதே பெயர்கள் வேறு வாசல்களால் வந்துகொண்டிருந்தன.
மார்ச்சில் கொவால்ச்சிக், சிறுநீர்த் தொற்று.
மே மாதம் கொவால்ச்சிக், படுக்கைப் புண்.
அதற்கு முந்தின ஆண்டில் அடிபட்டவர்கள், அதற்கும் முந்தினவர்கள்,
எண்பத்தாறில் சுரங்கக் கூரை விழுந்த ஒருவர்
இந்த முறை நிமோனியாவாக.
அடி ஒரு தடவைதான் விழுகிறது.
விழுந்தவர் வருடா வருடம் வருகிறார்,
கணக்கில் வேறு யாரோவாக.
நூற்று அறுபத்திரண்டில் நிறுத்தினேன்.
விழுந்தபின் கை மரத்துப்போகிறது என்ற கிழவர் ஒருவரை
மூட்டுத் தேய்வு என்றெழுதி அனுப்பியிருந்தார்கள்.
அவரை எங்கே வைப்பது?

வெள்ளி காலை நான் அனுப்பிய வரி:
பத்தொன்பது.
அதைத்தானே கேட்டிருந்தார்கள்.

ஜூனில் தவயோகன் கோப்பின் நகல் கேட்டு வந்தான்.
நிலவறைக்கு லிப்ட் வராது,
சரக்கு லிப்டின் சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.
தாள்களோடு நான் மேலே போனேன்.
தொடைமேல் பரப்பிவைத்து வாசித்தான்,
காற்றில் ஒரு தாள் நழுவியது
தொடைக்குத் தெரியவில்லை.
"தண்டு விளங்குது.
வடம் எண்டா தேர் இழுக்கிறதெல்லோ?
ஹம் கோயில்ல நானும் பிடிச்சு இழுத்தனான்,
உள்ளங்கை உரிஞ்சு போச்சு."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.
இப்போது சக்கரம் தள்ளிக் காய்த்திருந்தது.

"இந்தக் கணக்கில என்னையும் எண்ணினனீங்களோ?"
எண்ணினேன் என்றேன்.
எந்தப் பொருளில் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டது வேறு:
"கீழ உங்கட அறைக்கு எத்தினை படி?"

ஒன்பது வருடமாக ஏறி இறங்குகிறேன்.
தெரியாது.

அவன் போனபின், இறங்கும்போது, எண்ணினேன்.
பதினொன்று.